திருகோணமலையிலிருந்து தூரத்துக்குச் சாமான் அனுப்ப: முழு லொறியா, ரிட்டன் லோட்டா, கூட்டு லோட்டா, ரயிலா?

போன மாதம் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என் கடைக்கு வந்தார்கள். உப்புவெளியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தாதிக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம். வீட்டுச் சாமான் முழுவதையும் கொண்டுபோக வேண்டும். கிண்ணியாவில் கருவாடு வியாபாரம் செய்யும் நானா ஒருவர் வாரம் 400 கிலோ அளவில் புறக்கோட்டைக்கு அனுப்ப நிலையான வழி தேடுகிறார். மூதூரில் வீடு கட்டும் ஒருவர் கொழும்பில் டைல்ஸுக்குக் காசு கட்டிவிட்டார், கொண்டுவர வழி தெரியவில்லை.

மூவரும் கேட்டது "லொறிக்கு எவ்வளவு வரும்?" என்றுதான். நான் பதினைந்து வருடமாக ஹார்ட்வெயார் சாமான் ஏற்றி இறக்கிக் கணக்கு எழுதுகிறவன். வாடகையை மட்டும் விசாரித்து முடிவெடுத்தவர்கள் பிறகு வந்து மனம் நொந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் நான் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள். சாமான் கடைசி வாசலில் இறங்கி முடியும்போது மொத்தம் எவ்வளவு செலவாகியிருக்கும்? வழியில் அது எத்தனை கை மாறும்?

## முதலில் பார்க்க வேண்டியவை

நிறையா, இடமா? 60 சென்ரிமீற்றர் டைல்ஸ் பெட்டி ஒன்று ஏறத்தாழ 30 கிலோ. 100 பெட்டி ஏற்றினால் 3 தொன். லொறியின் தட்டில் பாதி இடம் வெறுமையாகத் தெரியும், ஆனால் நிறை முடிந்துவிட்டது. வீட்டுச் சாமான் இதற்கு நேர்மாறு. அலுமாரி, மெத்தை, கட்டில் எல்லாம் சேர்ந்து ஒரு தொன்கூட வராது, லொறி கூரைவரை நிரம்பிவிடும். "கொஞ்சச் சாமான்தான்" என்று போனில் சொன்னால் சாரதிக்கு எதுவும் விளங்காது. டைல்ஸ் என்றால் கிலோவைச் சொல்லுங்கள், வீட்டுச் சாமான் என்றால் நாலு படம் எடுத்து அனுப்புங்கள்.

| லொறி | ஏற்றக்கூடிய நிறை (ஏறத்தாழ) | எதற்குச் சரி |
|---|---|---|
| பட்டா (சின்ன லொறி) | முக்கால் முதல் 1 தொன் | ஓர் அறைச் சாமான், 20–25 பெட்டி டைல்ஸ் |
| 10½ அடி | 1½–2 தொன் | சின்னக் குடும்பத்தின் வீட்டுச் சாமான் |
| 14½ அடி | 3–3½ தொன் | இரண்டு, மூன்று அறை வீடு. 100 பெட்டி டைல்ஸ் |
| 20 அடி | 8–10 தொன் | மொத்த வியாபாரம் |

வாகனத்துக்கு வாகனம் இது மாறும். பதிவுப் புத்தகத்தில் மொத்த நிறையும் வெறும் நிறையும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் உண்மையான அளவு வரும். கூடுதலாக ஏற்றிவிட்டு வழியில் பொலிஸ் மறித்தால், தண்டத்தோடு போகிற நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

எத்தனை கை மாறும்? உடைவதும் தொலைவதும் லொறி ஓடும்போது குறைவு. இறக்கி ஏற்றும்போதுதான் அதிகம். என் கணக்கில் இது வாடகையைவிடப் பெரிய விஷயம்.

லொறி எந்தப் பக்கம் வெறுமையாக ஓடுகிறது? ரிட்டன் லோட் மலிவாகக் கிடைப்பதும் கிடைக்காததும் இதில்தான் இருக்கிறது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எந்த மாதம்? நமக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிவரை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது வீதியும் ரயில் பாதையும் ஒன்றாகவே தடைப்பட்டன. அந்த மாதங்களில் அனுப்புவதானால் இரண்டு மூன்று நாள் பிந்தினாலும் தாங்கக்கூடிய மாதிரி ஒழுங்கு செய்யுங்கள்.

பழுதானால் யார் பொறுப்பு? லொறிக்கு முழு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சாரதி சொல்வார். அது லொறிக்கு. உள்ளே இருக்கும் உங்கள் சாமானுக்குத் தனியாகச் சரக்குக் காப்புறுதி எடுத்தால்தான் உண்டு. பெறுமதி கூடிய சாமான் என்றால் இதை முதலிலேயே விசாரியுங்கள்.

## முழு லொறி

உங்கள் சாமான் மட்டும் ஏறும். உங்கள் வாசலில் ஒருமுறை ஏற்றுவது, போய்ச் சேரும் வாசலில் ஒருமுறை இறக்குவது, அவ்வளவுதான். புறப்படும் நேரமும் உங்கள் கையில். வீடு மாறுகிறவர்களுக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை.

கேட்கிற வாடகை நியாயமா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஹபரணை, தம்புள்ள, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா போய் ஏ9 ஏறினால் ஏறத்தாழ 235. வாடகை எப்போதும் போக வர இரண்டுக்கும் சேர்த்துத்தான். கொழும்பு என்றால் 520 கிலோமீற்றர். 14½ அடி லொறி லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள்: 87 லீற்றர் டீசல். அன்றைய விலையால் பெருக்குங்கள். அதற்கு மேலே வருவது சாரதியின் சம்பளம், உதவியாளர், டயர் தேய்மானம், சொந்தக்காரரின் இலாபம். கேட்கும் தொகை டீசல் காசைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்ட இருந்தால் நான் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவேன். மூன்று மடங்கைத் தாண்டினால் இன்னோர் ஆளிடம் கேட்பேன். டீசல் காசைவிடக் கொஞ்சம்தான் கூட என்றால் அதுவும் நல்லதில்லை. அவர் வழியில் வேறு சாமான் ஏற்றப் போகிறார் என்று அர்த்தம்.

எரிபொருள் விலை வழக்கமாக மாத முடிவில் திருத்தப்படுகிறது. மாதக் கடைசியில் பேசி அடுத்த மாதம் முதல் வாரம் ஏற்றுவதென்றால், விலை கூடினால் என்ன செய்வது என்றும் அப்போதே பேசிவிடுங்கள்.

மறைந்த செலவு இரண்டு முனையிலும் இருக்கிறது. இங்கே ஏற்ற நாலு பேர் வேண்டும். அங்கே இறக்க இன்னும் நாலு பேர். கொழும்பில் தொடர்மாடி என்றால் லிஃப்டில் அலுமாரி போகுமா என்று முதலே பார்க்க வேண்டும். போகாவிட்டால் படியால் தூக்கும் கூலி, மாடிக்கு மாடி கூடும். புறக்கோட்டையில் என்றால் இறக்குவது அந்தத் தெருவின் நாட்டாமிமார் (சுமை தூக்குகிறவர்கள்) தான். நீங்கள் ஆள் கூட்டிக்கொண்டு போய்ப் பிரயோசனம் இல்லை. கொழும்பு நகருக்குள் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடும் இருக்கிறது. காலைப் பரபரப்பில் போய் மாட்டினால் லொறி வெளியில் நிற்கும், வெயிட்டிங் காசு ஓடும். அனுபவமுள்ள சாரதிமார் இங்கே இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டு விடியுமுன் உள்ளே போய்விடுவதற்கு அதுதான் காரணம்.

இரவு ஓட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. கந்தளாய் தாண்டி ஹபரணைவரை யானை குறுக்கிடும் பாதை. அந்தத் துண்டில் ஆறுதலாக ஓட்டுகிற ஆளைத்தான் நான் தேடிப் பிடிப்பேன், அரை மணி பிந்தினாலும் பரவாயில்லை.

## ரிட்டன் லோட்

ஒரு பக்கம் சாமான் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிற லொறியைப் பிடிப்பது. வெறும் லொறியாக ஓடினாலும் டீசல் எரியும் என்பதால் சொந்தக்காரர் குறைந்த விலைக்கு ஒத்துக்கொள்வார். முழு வாடகையில் பாதிக்கும் கிடைத்திருக்கிறது.

திருகோணமலைக்கு இதில் ஒரு தனிச் சாதகம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து சீனக்குடாப் பக்கத்தில் பிறீமா மாவாலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் இயங்குகின்றன. மாவும் சீமெந்தும் இங்கிருந்து நாடு முழுவதும் போகின்றன. இந்த ஊர் லொறிகள் போகும்போது நிறையப் போய், வரும்போது பெரும்பாலும் வெறுமையாக வருகின்றன. ஆகவே கொழும்பிலிருந்து இங்கே சாமான் கொண்டுவருகிறவருக்கு ரிட்டன் லோட் தேடிப் பார்க்கத்தக்கது.

இங்கிருந்து அங்கே அனுப்பும்போது தேட வேண்டியது வேறு லொறி: சவர்க்காரம், பிஸ்கட், பால்மா என்று கடைச் சாமான் கொண்டுவந்து மத்திய வீதிப் பக்கம் இறக்குகிற கொழும்பு லொறிகள். அவை இறக்கி முடித்தால் அன்றைக்கே திரும்பிவிடும். உங்கள் சாமான் கட்டி ஆயத்தமாக இருந்தால்தான் பிடிக்கலாம். யாழ்ப்பாணத்துக்கு வெறுமையாகப் போகிற லொறி எனக்குக் கிடைத்தது மிகக் குறைவு. அந்தப் பாதைக்கு இதை நம்பியிருக்க வேண்டாம்.

குறைபாடு: நாள் உங்கள் கையில் இல்லை. புதன் என்பார், வெள்ளி வரும். சில நேரம் தரகர் நடுவில் நிற்பார், அவருக்கும் ஒரு பங்கு. அப்புறம், முன்பு என்ன ஏற்றிய லொறி என்று கேளுங்கள். சீமெந்து ஏற்றிய தட்டில் கூட்டாமல் மெத்தையைப் போட்டால் அது மெத்தையாக வராது. மா ஏற்றுகிற லொறிக்காரர் கருவாட்டையோ ஈரமான எதையுமோ ஏற்ற ஒத்துக்கொள்ளமாட்டார், அவருடைய நியாயம் அது.

இன்னொன்று, லொறி எதுவரை போகும்? "சீனக்குடா வரைதான்" என்று சொல்லிவிட்டால், மிச்சத் தூரத்துக்கு இன்னொரு வாகனம், இன்னொரு முறை இறக்கி ஏற்றல். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டதிலிருந்து லொறி நேரே கிண்ணியாவுக்குள் போகலாம். அதற்கு அப்பால் மூதூர்வரைக்கும் இப்போது பாலங்கள்தான். அந்த 25, 30 கிலோமீற்றருக்குக் கூடக் காசு கொடுத்து அதே லொறியை வாசலுக்கே வரச் செய்வதுதான் மலிவு.

## கூட்டு லோட்

பலருடைய சாமானை ஒன்றாக ஏற்றி, கிலோவுக்கோ பெட்டிக்கோ காசு எடுக்கும் லொறி. 50 கிலோவுக்கும் 500 கிலோவுக்கும் இடையில் அனுப்புகிறவருக்கு வாடகையில் இதை எதுவும் வெல்லாது. வாரம் ஒருமுறையோ இரண்டுமுறையோ ஒழுங்காக ஓடுவார்கள். தொடர்ந்து அனுப்பினால் முகப்பழக்கம் வரும், ஏதும் குறைந்தால் கேட்கவும் ஆள் இருக்கும்.

ஆனால் கை மாற்றம் இதில்தான் அதிகம். உங்கள் வாசலிலிருந்து ஓட்டோவிலோ பட்டாவிலோ அவர்கள் இடத்துக்கு, அங்கே இறக்கி லொறிக்கு, கொழும்பில் லொறியிலிருந்து களஞ்சியத்துக்கு, அங்கிருந்து உங்கள் கடைசி வாசலுக்கு. நாலு முறை தூக்குகிறார்கள். இரண்டு முனை ஓட்டோக் காசையும் கூட்டிப் பார்த்தால் சில நேரம் சின்ன பட்டா ஒன்றின் வாடகைக்குக் கிட்ட வந்துவிடும்.

என் அக்கா கொழும்பில் வீடு எடுத்தபோது நானே இந்தப் பிழையைச் செய்தேன். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, பஞ்சு மெத்தை இரண்டு, பாத்திரப் பெட்டிகள். முழு லொறி வீண் செலவு என்று நினைத்துக் கூட்டு லோட்டில் போட்டேன். நான் கட்டிவிட்டு வந்தபிறகு, வழியில் மேலே ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றியிருக்கிறார்கள். வெயில் ஏற ஐஸ் கரைந்து, படங்கின் மடிப்பில் தேங்கி, சொட்டுச் சொட்டாக மெத்தைக்குள் இறங்கியிருக்கிறது. அக்கா போனில் அழைத்தபோது முதலில் சொன்னது மணத்தைப் பற்றி. பஞ்சு மெத்தை தண்ணீரைக் குடித்தால் ஈயம்போல் கனக்கும். இரண்டு பேர் தூக்க முடியாமல் பல்கனிக்கு இழுத்துப் போட்டு மூன்று நாள் காயவைத்தார்கள். பஞ்சு கட்டிகட்டியாகிவிட்டது. அலுமாரிக் கதவு ஊதி, அடி தட்டி, இன்றைக்கும் முழுதாக மூடாது. லொறிக்காரர் "மெத்தை என்று துண்டில் எழுதவில்லையே" என்றார். உண்மைதான், "வீட்டுச் சாமான் 9" என்றுதான் எழுதியிருந்தது. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு உருப்படியாக எழுதுவேன், ஏற்றியபிறகு படமும் எடுப்பேன்.

பெட்டியில் அடங்குவது, ஒன்றின்மேல் ஒன்று வைக்கக்கூடியது, ஈரமும் மணமும் ஏறினாலும் கெடாதது: இவற்றுக்குத்தான் கூட்டு லோட்.

## ரயில்

இரவுத் தபால் ரயில் நமக்கு இருக்கிறது, கொழும்புக் கோட்டைவரை வண்டி மாறாமல் போகலாம். பார்சலாகக் கட்டிய சாமான், சைக்கிள், மோட்டார் சைக்கிள் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலை முழுவதும் இறக்கிவிட வேண்டும், பதிவுப் புத்தகப் பிரதியும் கையில் வைத்திருங்கள். தனி மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொழும்புக்கு அனுப்ப லொறியைவிட இது நல்லது என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்துக்கு ரயிலை மறந்துவிடுங்கள். நமது பாதை கல்லோயா போய் மாஹோவில்தான் வடக்குப் பாதையைச் சந்திக்கிறது. தெற்கே அவ்வளவு தூரம் போய், அங்கே வண்டி மாறி, திரும்ப வடக்கே ஏற வேண்டும். வீதியால் அரை நாளில் போகிற சாமானுக்கு அது சரிவராது.

கொழும்புக்கும் ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன்வரைதான். இரண்டு பக்கமும் ஓட்டோவோ பட்டாவோ பிடிக்க வேண்டும். கண்ணாடி, டைல்ஸ், பிரிட்ஜ் இதில் அனுப்பக் கூடாது.

## சொந்த பட்டாவும் பஸ் பார்சலும்

வீட்டில் பட்டா இருந்தால் "சும்மா நிற்கிற வாகனம்தானே" என்று தோன்றும். 520 கிலோமீற்றர் ஓட்டிவிட்டு அடுத்த நாள் நீங்கள் கடை திறக்கமாட்டீர்கள், அந்த நாள் வருமானத்தையும் கணக்கில் போடுங்கள். தூக்கமில்லாமல் இரவு தனியாக ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இரண்டு சாரதிகள் இருந்தால், யாழ்ப்பாணத்துக்குப் பகலில், சரி.

ஒன்றிரண்டு பெட்டிக்கு பஸ் போதும். அங்கே இறக்க ஓர் ஆள் நேரத்துக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

## ஏற்றுமுன்

எந்த வழியைத் தெரிந்தெடுத்தாலும் பேச்சை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். மொத்தத் தொகை, அதில் ஏற்று இறக்குக் கூலி சேருமா, வேறு சாமான் ஏறுமா, எந்த வாசல்வரை, எத்தனை மணிநேரத்துக்குமேல் வெயிட்டிங் காசு, உடைந்தால் என்ன. அட்வான்ஸ் கால்வாசிக்குமேல் கொடுக்க வேண்டாம். லொறி இலக்கத்தை, வந்து நிற்கும்போது திரும்ப ஒருமுறை சரிபாருங்கள்.

மரம், மணல், மாடு போன்றவை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நகராது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சாரதி சொன்னாலும், வழியில் மறித்தால் சாமானும் நிற்கும், லொறியும் நிற்கும். வீடு மாறுகிறவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் சோதனையில் விளக்கம் சொல்வது சுகம்.

படங்கை நீங்களே பார்த்துக் கட்டச் சொல்லுங்கள். ஓட்டையை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தால் தெரியும். மழை மாதத்தில் இரண்டு படங்கு.

## அந்த மூவரும்

தாதிக்கு நான் முழு லொறிதான் சொன்னேன். அவர் கூட்டு லோட் பாதிக் காசு என்று தயங்கினார். இரண்டு முனை பட்டாக் காசையும் கூட்டிக் காட்டியபோது வித்தியாசம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. "அண்ணா, பிரிட்ஜ் நிமிர்ந்து நிற்க வேணும்" என்பதுதான் அவருடைய பெரிய கவலை. அதை லொறியின் முன்சுவரோடு சேர்த்து நிறுத்தி, பக்கத்தில் மெத்தையை முட்டுக் கொடுத்தோம். காலை ஐந்தரைக்குப் புறப்பட்ட லொறி மத்தியானத்துக்குள் யாழ்ப்பாணம் போய்விட்டது.

கருவாட்டு நானாவுக்குக் கூட்டு லோட். வாராவாரம் ஒரே லொறி, ஒரே சாரதி, கட்டும்போதும் புறக்கோட்டையில் இறக்கும்போதும் நிறுத்து எழுதுவது என்று பேசிக்கொண்டார். கருவாடு வழியில் காய்ந்து நிறை கொஞ்சம் குறையும், அது இயல்பு. எவ்வளவு குறைவது இயல்பு என்று தெரியாவிட்டால் சாரதிமேல் வீண் சந்தேகம் வரும், அல்லது உண்மையாகவே போவது தெரியாமல் போகும். நாலு வாரக் கணக்கு சேர்ந்தால் அவருக்கே பிடிபடும் என்றேன். எல்லா மூட்டையிலும் சிவப்பு நூலால் ஒரு தையலும் போடச் சொன்னேன், கட்டு அவிழ்ந்தால் தெரியும்.

மூதூர்க்காரருக்கு ரிட்டன் லோட். வீட்டுத் தரை வேலைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, அதனால் நாள் பிந்தினாலும் பிரச்சினை இல்லை. மா இறக்கிவிட்டுத் திரும்பும் 14½ அடி லொறி ஒன்று ஆறாவது நாள் கிடைத்தது. 96 பெட்டி. கொழும்பில் இருக்கும் அவருடைய மச்சான் ஏற்றும் இடத்தில் நின்று எண்ணி, பெட்டிகளைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி அடுக்கச் செய்தார். சாரதி முதலில் சீனக்குடாவோடு நிறுத்தத்தான் பார்த்தார். கூடக் கொஞ்சம் பேசி வாசல்வரை வந்தார். இறக்கி எண்ணியபோது இரண்டு பெட்டியில் மூலை உடைந்திருந்தது. அந்த ஓடுகளை வெட்டிச் சுவர் ஓரத்துக்குப் போட்டுவிட்டார் மேசன்.